இரவல் மாமா

என் இரண்டு காதிலும் கம்மல் ஒரே மட்டத்தில் நிற்காது. இடது காதில் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. வலது காதில் ஒரு நெல் அளவு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. புதுக் கம்மல் போட்டுப் பார்க்கும்போது கடைக்காரர்கள் முதலில் கண்ணாடியைத்தான் நேராக்கி வைப்பார்கள். குற்றம் கண்ணாடியில் இல்லை, என் தாய்மாமாவிடம்.

எனக்குக் காது குத்தியபோது நான் கைக்குழந்தை. நடந்தது எதுவும் நினைவில் இல்லை. ஆனாலும் சொந்தத்தில் எந்த விசேஷம் வந்தாலும் பந்தியில் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுத்துவிடுவதால், நானே பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இருக்கும். வழக்கப்படி மாமா மடியில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். ஆசாரி ஒரு காதைக் குத்தியிருக்கிறார். துளி ரத்தம் எட்டிப் பார்த்திருக்கிறது. மாமா ஒரு சத்தமும் போடாமல் அப்படியே பின்பக்கம் சாய்ந்துவிட்டார். உருண்ட என்னை அப்பா பிடித்துக்கொள்ள, மாமா முகத்தில் ஆளாளுக்குத் தண்ணீர் அடித்த களேபரத்தில், ஆசாரி அவசரமாக இன்னொரு காதையும் ஒரு குத்து குத்தி முடித்துவிட்டார்.

மாமா கள்ளிக்குப்பத்தில் அறை எடுத்துத் தங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே யாருக்காவது கையில் வெட்டுப்பட்டால், வெட்டுப்பட்டவரை விட்டுவிட்டு முதலில் மாமாவைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று அப்பா சொல்வார்.

நாங்கள் பாரிவாக்கத்தில் இருந்தோம். நான் சொல்வது தொண்ணூறுகளின் பின்பாதி. வயல்களை மனை போட்டு விற்க ஆரம்பித்திருந்தார்கள். மஞ்சள் கல் நட்ட மனைகளுக்கு எல்லாம் கடைசியில், சுற்றுச்சுவர் வைத்த ஒரு வீடு இருந்தது. போர்டு கிடையாது. எய்ட்ஸ் நோயில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்து, அந்தக் கிருமியைத் தாங்களும் சுமந்துகொண்டிருந்த பிள்ளைகளை அங்கே வைத்து வளர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து வந்த ஒரு கிறிஸ்தவ அம்மாள் வீட்டைப் பார்த்துக்கொண்டார். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். அம்மாவுக்கு அங்கே சமையல் வேலை. தெருவில் கேட்டால் ஹாஸ்டலில் சமைப்பதாகச் சொல்லுவாள்.

பிள்ளைகளின் பெயரை வாசல் கேட்டுக்கு வெளியே சொல்லக் கூடாது என்பது அந்த வீட்டுக் கட்டுப்பாடு. அம்மா அதை நேர்த்திக்கடன் மாதிரிக் காத்தாள். அதனால் நானும் இங்கே பெயர் எழுதவில்லை. அங்கே எல்லோருமே பாப்பா என்று கூப்பிட்ட ஒருத்தியை நானும் பாப்பா என்றே சொல்கிறேன்.

சனிக்கிழமைகளில் அம்மா என்னையும் கூட்டிப் போவாள். முதல் தடவை, காற்றில் ஒட்டிவிடுமோ என்று கேட்டில் நுழையும்போதே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு தூரம்தான் பிடிக்க முடியும்? குழாயடி வருவதற்குள் விட்டுவிட்டேன். உள்ளே போனால் சிஸ்டர், ஒரு குழந்தை வேண்டாமென்று வைத்த மீதிச் சோற்றை அதே தட்டில் பிசைந்து தன் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது விழுவார் என்று. விழவில்லை. அடுத்த சனிக்கிழமையும் இருந்தார்.

அப்படி ஒரு சுத்தமான வீட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சுவரில் வரிசையாக ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு துண்டு, கீழே கலர் நூல் கட்டிய டம்ளர். பச்சை நூல் பிள்ளை சிவப்பு நூல் டம்ளரைத் தொடாது. யாருக்காவது காய்ச்சல் என்றால் யாரும் சொல்லாமலே எல்லாப் பிள்ளைகளும் மெதுவாகப் பேசும். நாங்கள் ரேஷனில் சர்க்கரை போட்டுவிட்டானா என்று பேசுவது மாதிரி, அவர்கள் யாருக்கு எந்தக் கையில் ரத்தம் எடுத்தார்கள் என்று பேசிக்கொள்வார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் பெரிய மனிதர்களைப் பார்ப்பது போல இருக்கும்.

அந்த நோயைப் பிடித்து நிறுத்தும் மாத்திரை எங்கோ இருந்ததாம். அது எங்கள் பக்கத்துக்கு அப்போது வந்து சேரவில்லை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு என் கண்ணில் பட்ட ஒரே வித்தியாசம், அந்த வீட்டில் பெரிய பிள்ளைகளே இல்லை என்பதுதான். எல்லாம் பொடிசுகள். ஏன் என்று அம்மாவைக் கேட்டேன்.

“பெரிசானா வேற எடத்துக்குப் போயிடுவாங்க,” என்றாள், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

சரி, அது பெரிய பிள்ளைகளுக்கான ஹாஸ்டல் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பாப்பாவுக்கு என்னைவிட ஒரு வயதுதான் குறைவு. பார்த்தால் பாதிதான் இருப்பாள். ஒரு நாள் என் கம்மலை விரலால் உருட்டிக்கொண்டே கேட்டாள்.

“குத்துனா வலிக்குமா?”

“தெர்ல. நான் அப்போ கொழந்த.”

“ரத்தம் எடுக்கிறத வுட வலிக்குமா?”

எனக்கு யாரும் ரத்தம் எடுத்ததில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி, “அந்த மாதிரிதான் இருக்கும்,” என்றேன்.

“அப்ப ஒண்ணுமில்ல. எனக்கும் குத்தணும்.”

“அதெல்லாம் சும்மா குத்த மாட்டாங்க. மாமா மடில உக்காரணும்,” என்றேன் கொஞ்சம் கெத்தாக.

அவள் யோசித்தாள். “எனக்கும் மாமா கீறாரு. ஆனா வர மாட்டாரு. உங்க மாமாவ ஒரு நாளைக்கு எனக்குத் தரியா? திருப்பிக் குடுத்துர்றேன்.”

பாப்பா எதை இரவல் வாங்கினாலும் ஒழுங்காகத் திருப்பித் தருவாள். ரிப்பனைக்கூட மடித்துத்தான் தருவாள். அதனால் அதில் எனக்குச் சந்தேகமில்லை. திரும்பி வரும்போது மாமா என்ன நிலைமையில் இருப்பார் என்பதுதான் கவலை. கொசு கடித்தாலே வரும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். இன்னொருத்தி, ரத்தத்தைப் பார்த்தாலே போதும், கண் வழியாக ஏறும் என்றாள். அதை நான் நம்பவில்லை என்று சொல்ல ஆசைதான்.

பாப்பா கேட்டதை நான் அம்மாவிடம் சொல்ல, அம்மா சிஸ்டரிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாள். மாமா ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு வருவார். அம்மா சோறு போட்டுவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள்.

“இன்னாடா, ஒரு கொழந்தைக்குக் காது குத்தணும். மாமன் மடி வேணுமாம்.”

“எந்தக் கொழந்தைக்கு, யக்கா?”

“எங்க ஊட்ல.” அம்மாவுக்கு அந்த வீடும் எங்க ஊடுதான்.

மாமாவின் கை குழம்பிலேயே நின்றது. “ஆஸ்டலு ஆஸ்டலுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிகினு கீறியே, அங்கியா? அதுக்கு சொந்த மாமன் இல்லியா?”

“கீறான். கொண்டாந்து வுட்டவனே அவந்தான். அதுக்கப்புறம் எட்டிப் பாக்கல.”

மாமா எலும்பை ரொம்ப நேரம் உறிஞ்சினார். “ரத்தம் வருமா?”

“காது குத்துனா ரத்தம் வராம சாம்பாரா வரும்?”

“அதான் யோசிக்கிறேன்.”

“வேணாம் வுடுடா. நீ வுழுந்து கொழந்தைய வேற கீழ போட்ருவ. நான் சிஸ்டராண்ட சொல்லிடறேன்.”

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “உன் பொண்ணக்கூடத்தான் கீழ போட்டேன். இன்னா கெட்டுப் போச்சு? கொஞ்சம் பயந்தாங்கொள்ளியா கீறா, அவ்ளோதான.”

கை கழுவும்போது மட்டும், நான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, “யக்கா, ஒட்டாதுல்ல?” என்றார். அம்மா ஈரக் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “டெய்லி தூக்கி வெச்சிக்கிற கை இது. ஒட்டிகினு கீதா பாரு.” மாமா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

நான் எங்கள் தெரு அம்மனிடமும் வேண்டிக்கொண்டேன், மாதா கோயில் பக்கம் போனபோது அங்கேயும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். சிஸ்டரிடம் போய், எங்கள் மாமாவுக்கு ஒன்றும் ஆகாதில்லையா என்று நேராகவே கேட்டேன். “மயக்கம்தான் வரும்னு உங்கம்மா சொன்னாங்க. அதுக்கு கோலி சோடா வாங்கி வெச்சிருக்கேன்,” என்றார் சிஸ்டர்.

காது குத்தும் நாளின் முதல் அதிசயம், மாமா நேரத்துக்கு வந்தது. வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, தட்டில் பூ, பழம், பச்சரிசியும் வெல்லமும் வைத்து எடுத்து வந்திருந்தார். பாப்பா புதுப் பாவாடையில் நடுக்கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தாள். பூந்தமல்லியிலிருந்து ஆசாரி வந்தார். சின்னதாக இரண்டு தங்க வளையம் கொண்டு வந்திருந்தார். அவர் பையைப் பிரிப்பதற்குள் சிஸ்டர் அவரை ஓரமாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். ஊசி பிடிக்கிறவரிடம் மறைக்கக் கூடாது என்பது அவருடைய முடிவு.

ஆசாரி வளையத்தை மட்டும் தட்டில் வைத்துவிட்டுப் பையைக் கட்டினார். “தப்பா நெனச்சுக்காதம்மா. எனக்கும் புள்ளகுட்டி கீது. கை நடுங்கி என் வெரல்லயே குத்திக்கினா?” சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. பாப்பா அழவில்லை. “அவரு பயப்படறாரு. மொதல்ல எல்லாரும் அப்டித்தான்,” என்றாள் எனக்கு ஆறுதலாக.

மாமா ஆசாரியின் பின்னாலேயே கேட் வரைக்கும் போனார். நானும் ஓடினேன்.

“அண்ணாத்தே, நில்லு. உனக்கு இன்னா பயமோ அதே பயந்தான் எனக்கும். எனக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வேற. ரெண்டு பேரும் ஓடிட்டா அது புதுப் பாவாடையோட யாராண்ட போவும்?”

ஆசாரி கேட் கொண்டியில் கை வைத்தார்.

“நீ குத்த வேணாம். சிஸ்டரு குத்தட்டும். அது ஊசி போட்டுப் பழகின கை. ஆனா காது மட்டம் அதுக்குத் தெரியாது. நீ எடம் மட்டும் சொல்லு. இல்லாங்காட்டி இன்னா ஆவும் தெரியுமா? இத்தப் பாரு!”

பாரு என்றது என்னை. என் முகத்தைப் பிடித்து ஆசாரிக்கு நேரே திருப்பினார். ஆசாரி குனிந்து ஒரு காதைப் பார்த்தார், மறு காதைப் பார்த்தார். மறுபடி முதல் காதைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“இத்த எவன் குத்துனது?” என்றார். பயமெல்லாம் போய் குரலில் கோபம் இருந்தது.

“அதான் சொல்றேன்,” என்றார் மாமா, தன் பங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல்.

ஆசாரி உள்ளே வரவில்லை. கூடத்து ஜன்னலுக்கு வெளியே, செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் உறை போட்ட கையால் பாப்பாவின் காதில் மையால் ஒரு புள்ளி வைத்தார்.

“அங்க இல்லம்மா. எறக்கு. இன்னும் ஒரு எள்ளு எறக்கு. ஆங்... அது லட்சணம்!” என்று ஜன்னல் சத்தம் போட்டது.

பாப்பாவை மடியில் வைத்திருந்த மாமா, சிஸ்டர் எடுத்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாமாவுக்குப் பின்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன், விழுந்தால் பிடிக்கலாம் என்று. அவ்வளவு பெரிய ஆளை நான் எப்படிப் பிடித்திருப்பேனோ.

பாப்பா தலையைத் திருப்பி மாமாவைப் பார்த்தாள். “மாமா, கண்ண மூடிக்கோ. வேற எதுனா நெனச்சுக்கோ. நான் ஊஞ்சல நெனச்சுப்பேன். முடிஞ்சதும் நானே சொல்றேன்.”

குத்தும்போது பிள்ளை அழக் கூடாது என்பதற்காக வாயில் போடுகிற அந்த வெல்லத்தை எடுத்து, அவள் மாமாவின் வாயில் போட்டாள். மாமா சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டார். வெல்லம் ஒரு கன்னத்தில் உப்பிக்கொண்டு நின்றது. நான் எட்டாவதோடு நின்றுவிட்டுத் தையல் கம்பெனிக்குப் போன பிறகு, மெஷின் ஊசி விரலில் இறங்கும்போதெல்லாம் ஊஞ்சலைத்தான் நினைத்துக்கொள்வேன். அது அவளிடம் கற்றது.

சிஸ்டர் குத்தினார். பாப்பாவின் கண் இமைகூட அசையவில்லை. வளையம் ஏறியது. காதின் நுனியில் ஒரு துளி, குன்றிமணி மாதிரி வந்து நின்றது. அவள் முடிஞ்சது என்று சொல்வதற்கு முன்னாலேயே மாமா கண்ணைத் திறந்துவிட்டார்.

நான் கைகளை இன்னும் அகலமாக விரித்தேன்.

மாமா அந்தத் துளியைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது, நெற்றியில் வியர்வை பூத்தது. ஆனால் சாயவில்லை. சாய்வதற்குப் பதிலாக அவருடைய கை, கிரீஸ் கறை போகாத அந்தக் கை, மெல்ல மேலே வந்து பாப்பாவின் தாடையைத் தாங்கிப் பிடித்தது, தலை ஆடாமல் இருக்க. சிஸ்டர் பஞ்சால் ஒற்றி எடுக்கும் வரைக்கும் அவர் அந்தத் துளியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு, “அடுத்தது,” என்றார்.

தீமிதியில் நெருப்பில் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அலகு குத்திக்கொண்டு தேர் இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மாமா உட்கார்ந்திருந்த மாதிரி ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் விரித்த கையில் ரோமம் எல்லாம் நின்றது.

அடுத்த காதுக்குப் புள்ளி வைக்கும்போது ஜன்னலில் சத்தம் இல்லை. பார்த்தால் ஆள் இல்லை. போய்விட்டார் என்று நினைத்தேன். ஆசாரி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். பிறகு கூடத்தில். பிறகு சிஸ்டருக்குப் பக்கத்தில். குனிந்து, பாப்பாவின் கன்னத்தைத் தன் விரலாலேயே திருப்பி, “நேரா பாரு கண்ணு,” என்றார். மறு காதும் முடிந்தது. இரண்டு வளையமும் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டத்தில் நின்றன. எனக்குப் பொறாமையாக இருந்தது.

பாப்பா கண்ணாடிக்கு ஓடினாள். பிள்ளைகள் கை தட்டின. அந்த சந்தோஷத்தில் ஆசாரிக்குத் தொழில் பழக்கம் வந்துவிட்டது போல. எந்த வீட்டில் காது குத்தினாலும் முடிந்ததும் அவர் கேட்கிற கேள்வியை, இங்கேயும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டார்.

“இன்னாப்பா தாய்மாமன், இதோட கை கழுவிடலாம்னு பாக்குறியா? நாளைக்குப் பொண்ணு பெரிசானா சீரு இன்னா கொண்டாருவே? எல்லார் எதுருலயும் சொல்லிடு!”

எல்லா வீட்டிலும் இதற்குச் சிரிப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் கையில் பஞ்சோடு அப்படியே நின்றார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள், அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும். ஆசாரிக்கு வாய் மூடவில்லை. சொன்னதை எடுத்து மறுபடி உள்ளே போட்டுக்கொள்ள முடியுமா என்று பார்ப்பவர் போல இருந்தார். மாமா வசதியில்லாதவர், அவரைப் போய் இப்படிக் கேட்டுவிட்டாரே என்றுதான் எல்லோரும் சங்கடப்படுகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

பாப்பா கண்ணாடியிலிருந்து திரும்பி, மாமாவின் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

“லாரில கொண்டாருவேன்!” என்றார் மாமா. அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. “பட்டுப் பாவாடை, தட்டு தட்டா வளையலு, பித்தளக் கொடம், கண்ணாடி வெச்ச பீரோ, முழுசா ரெண்டு பலாப்பழம். லாரி இந்த கேட்டுல நொழையாது. சொவத்த இடிச்சி வெக்கச் சொல்லு சிஸ்டராண்ட.”

“மேளம்?” என்றாள் பாப்பா.

“மேளம் இல்லாமயா? லாரி மேலயே குந்திகினு அடிச்சிகினு வருவானுங்க. பாரிவாக்கமே எழுந்து வந்து பாக்கும்.”

“சத்தியமா?”

மாமா அவளுடைய உள்ளங்கையில் தன் கையை வைத்து அழுத்தினார்.

அவளுக்குத் திருப்தி. மாமாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் வந்து, அவர் கையை என் கையில் வைத்தாள். “இந்தா, திருப்பிக் குடுத்துட்டேன். சீர் கொண்டார அன்னிக்கு மட்டும் மறுபடி குடு.”

“அந்த சோடா யாருக்கும்மா?” என்று ஆசாரி கேட்டார். மாமாவுக்காக வாங்கிய பாட்டில் மூலையில் அப்படியே இருந்தது. சிஸ்டர் கோலியை அழுத்திச் சோடாவை உடைத்து, ஆணிக்குக் கீழே இருந்த ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். நீல நூல் கட்டிய டம்ளர். ஆசாரி வாய் வைத்துக் குடித்தார்.

அம்மாவுக்கு வேலை இருந்ததால் நான்தான் மாமாவோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். செங்கல் ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. மாமா அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். புழுதி என்றுதான் நினைத்தேன், நானும் துடைத்துக்கொண்டேன்.

“மாமா, அவளுக்கு லாரின்னா எனக்கு?”

“உனக்கும் லாரிதான்டி,” என்று என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்தினார். ஆவடி பஸ் வந்தது. எப்போதும் ஜன்னலில் மூக்கை வைத்து நசுக்கிக் காட்டுவார். அன்று காட்டவில்லை.

திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு அந்தக் கவலை வந்தது. பெரிசானதும் வேற எடத்துக்குப் போய்விடுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாளே, அது மாமாவுக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு மேளதாளத்தோடு லாரியைக் கொண்டுவந்து இந்த கேட்டில் நிறுத்துவார். பாப்பாவோ அங்கே பட்டுப் பாவாடைக்குக் காத்துக்கொண்டிருப்பாள். அந்த இடம் எங்கே இருக்கிறது, லாரி போகிற வழிதானா என்று அம்மாவிடம் கேட்டு மாமாவுக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும். மறந்துபோகாமல் இருக்க, நடந்துகொண்டே பாவாடை நாடாவின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.